மாறாத சுமை

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் முதுகுவலியைப் பற்றிய பேச்சு நாற்காலியில் தொடங்கி நாற்காலியிலேயே முடிகிறது. இடுப்புக்கு முட்டுக்கொடுக்கும் இருக்கை, கைப்பிடியின் உயரம், திரை கண்மட்டத்துக்கு வருகிறதா, முழங்கால் 90 பாகையில் மடிகிறதா என்று ஒரு பட்டியல் அலுவலகம் அலுவலகமாகச் சுற்றுகிறது. பிசியோதெரபிஸ்ட் ஒருவரை வரவழைத்து வகுப்பு நடத்துகிறார்கள். அவரும் நிமிர்ந்து உட்காரச் சொல்லிவிட்டுப் போகிறார். இந்த அக்கறையில் பொய் ஏதும் இல்லை. ஆனால் உடற்கூறியல் கடந்த அரை நூற்றாண்டில் கண்டறிந்தவற்றை எடுத்துப் பார்த்தால், எலும்பும் மூட்டும் தசைநாரும் ‘சரியான’ ஒரு நிலையைக் கேட்கவே இல்லை என்பது விளங்கும். நிலை மாறிக்கொண்டே இருப்பதைத்தான் அவை கேட்கின்றன. எந்த நாற்காலியாலும் அதைத் தர முடியாது. எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அது கிடைக்கிறது அல்லது கிடைக்காமல் போகிறது. ஆகவே இதை உழைப்பு நேரத்தின் பிரச்சினையாகப் பார்க்க வேண்டும் என்பது என் வாதம்.

எலும்பிலிருந்து தொடங்குகிறேன், அதைத்தான் நாம் அதிகமும் தவறாகப் புரிந்துவைத்திருக்கிறோம் என்பதால். பள்ளி ஆய்வகத்தில் கம்பியில் தொங்கும் எலும்புக்கூட்டைப் பார்த்த மனம் எலும்பைக் காய்ந்துபோன சட்டகமாகவே நினைவில் வைத்திருக்கிறது. உயிருள்ள உடம்பில் அது ரத்தம் ஓடும் திசு. வளர்ந்த மனிதரின் 206 எலும்புகளில் ஆண்டுதோறும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கரைக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்படுகிறது. எங்கே கரைப்பது, எங்கே கட்டுவது என்பதை எலும்பின் மீது விழும் விசையே முடிவுசெய்கிறது என்று பெர்லின் அறுவை மருத்துவர் யூலியஸ் வொல்ஃப் 1892இல் எழுதினார். தொழில்முறை டென்னிஸ் ஆட்டக்காரர்களை 1970களில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, மட்டை பிடிக்கும் கையின் மேற்கை எலும்புச் சுவர் மறு கையினுடையதைவிட ஆண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு தடித்திருந்தது. விண்வெளி நிலையத்தில் எடையற்று மிதப்பவர்கள் இடுப்புப் பகுதி எலும்பில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை இழக்கிறார்கள். இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான். அவ்வளவாகப் பேசப்படாதது 1984இல் லான்ஸ் லான்யனும் கிளின்டன் ரூபினும் வெளியிட்ட பரிசோதனை. பறவையின் சிறகெலும்பை அதன் இயல்பான அசைவிலிருந்து பிரித்துவைத்தார்கள். சிலவற்றுக்குச் சுமையே தரவில்லை. சிலவற்றின் மீது ஒரே சுமையை எடுக்காமல் ஏற்றிவைத்தார்கள். இன்னும் சிலவற்றில் அதே சுமையை நாளுக்கு 100 விநாடிகள் மட்டும் ஏற்றி இறக்கினார்கள். வாரங்கள் கழிந்தபின் பார்த்தால், ஏற்றி இறக்கிய எலும்பு வளர்ந்திருந்தது. சுமையே இல்லாதது மெலிந்திருந்தது. ஓயாமல் சுமை தாங்கிய எலும்பும் அதேபோல மெலிந்திருந்தது. மாறாத சுமையை எலும்பு சுமையாகவே கணக்கில் எடுப்பதில்லை. நாள் முழுதும் இருக்கையில் அழுந்தியிருக்கும் உடம்பும் அசைவில்லாத உடம்புதான் என்று சொல்ல இதைவிடத் தெளிவான அடிப்படை எனக்குத் தெரியவில்லை. பறவையை வைத்து மனிதருக்கு அளவு சொல்ல முடியாது என்பது சரி. ஆனால் விசை மாறும்போது எலும்புக்குள் இருக்கும் நுண்ணிய கால்வாய்களில் திரவம் அசைகிறது, செல்கள் உணர்வது அந்த அசைவையே என்ற விளக்கம் பறவைக்கும் மனிதருக்கும் பொதுவானது.

1978இல் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனத் தலைவர் ஆர். கே. பாலிகாவின் முனைப்பில் கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் கிராமங்களில் 332 ஏக்கரில் எலெக்ட்ரானிக் சிட்டி உருவாக்கப்பட்டபோது, சுற்றுவட்டார மக்களின் உடல்கள் வேறுவிதமாக மடங்கிக்கொண்டிருந்தன. ஆனேக்கல் பக்கத்துக் கேழ்வரகுக் கொல்லையில் களையெடுப்பதும், அடுப்படியில் வேலை செய்வதும், திண்ணையில் பேசுவதும் குந்தி உட்கார்ந்தோ சம்மணமிட்டோதான். அப்படி உட்கார்ந்தால் எலும்பு அதையும் பதிவுசெய்துகொள்ளும். லாகூர் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் பேராசிரியராக இருந்த ஹேவ்லாக் சார்ல்ஸ் 1890களில் பஞ்சாபியரின் கால் எலும்புகளை ஆராய்ந்து, கெண்டைக்கால் முன்னெலும்பின் கீழ்முனையும் கணுக்கால் எலும்பும் சந்திக்கும் விளிம்பில் ஐரோப்பியரிடம் அரிதாகவே காணப்படும் வழுவழுப்பான சிறு முகப்புகளைக் கண்டார். குந்தும்போது கணுக்கால் முழுவதுமாக மடங்கி இரண்டு எலும்புகளும் ஒன்றையொன்று தொடுவதால் வந்தவை அவை. இன்றும் அகழாய்வில் கிடைக்கும் எலும்பைப் பார்த்து அதற்குரியவர் குந்தி உட்கார்ந்து வாழ்ந்தவரா என்று சொல்ல உதவும் அடையாளங்களில் இதுவும் ஒன்று. கிராமத்து உடம்பு வலியற்றது என்று இதை வைத்து யாரும் ஏமாற வேண்டாம். களையெடுப்பவரின் இடுப்பும் நாற்று நடுபவரின் முதுகும் படும் பாட்டை அறியாதவர்களே அப்படிப் பேசுவார்கள். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றே: தரையில் உட்காருபவர் ஒரு வேளைக்குள் பலமுறை காலை மாற்றுகிறார், ஊன்றி எழுகிறார், மறுபடி அமர்கிறார். தரை நீண்ட நேரம் ஒரே மாதிரி உட்கார விடாது. நல்ல நாற்காலி விடும். அதன் தரம் உயர உயர, அசையாமல் இருக்க முடிகிற நேரமும் நீள்கிறது.

எலும்பாவது ரத்தம் ஓடும் திசு. முதுகெலும்புகளுக்கு இடையில் இருக்கும் 23 டிஸ்க்குகளுக்கு அந்த வசதியும் இல்லை. ஒவ்வொரு டிஸ்க்கின் நடுவிலும் நீர் நிறைந்த கூழ். அதைச் சுற்றி, அடுக்குக்கு அடுக்கு சாய்வு மாறும் நார்வளையம். மேலும் கீழும் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத குருத்தெலும்புத் தகடு. வயதுவந்தவரின் டிஸ்க்கின் உட்பகுதிக்கு ரத்தக் குழாய் போவதில்லை. கூழின் மையத்தில் இருக்கும் செல்லுக்கு மிக அருகிலுள்ள ரத்தக் குழாய் 7, 8 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. உயிரணுக்களின் உலகில் அது பெருந்தொலைவு. சர்க்கரையும் ஆக்சிஜனும் அந்த மெல்லிய தகட்டைக் கடந்து கசிந்துதான் உள்ளே போயாக வேண்டும். இந்தக் கசிவை உயிருள்ள மனிதரில் பின்தொடர்ந்து காட்டியவர் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எஸ். ராஜசேகரன். ரத்தக் குழாயில் ஒரு சாயத்தைச் செலுத்தி, 24 மணி நேரம் வரை அடுத்தடுத்து எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தது அவருடைய குழு. முள்ளெலும்பில் சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்ட சாயம், டிஸ்க்கின் நடுக்கூழில் உச்சத்தைத் தொட ஏறக்குறைய 6 மணி நேரம் எடுத்துக்கொண்டது. 2004இல் வெளிவந்த இந்த ஆய்வு இடுப்பு முள்ளெலும்பு ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கத்தின் விருதைப் பெற்றது. கோயம்புத்தூரில் நடந்த இந்த வேலையை எலெக்ட்ரானிக் சிட்டியின் மனிதவளத் துறைகள் ஒருமுறையாவது படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஐந்து ஆண்டுகள் கழித்து, நாட்டிங்காமில் வேறொரு குழு அடுத்த கேள்வியைக் கேட்டது. டிஸ்க்கின் மீது சுமை இடைவிடாமல் இருந்தால் இந்தக் கசிவு என்ன ஆகும்? ஆரோக்கியமானவர்களின் முதுகில் உடல் எடையில் பாதி அளவு சுமையை நாலரை மணி நேரம் நிறுத்தாமல் கொடுத்தபோது சாயம் உள்ளே போவது மந்தப்பட்டது. சுமையை எடுத்தபின்பும் ஈடுகட்டச் சில மணி நேரம் ஆயிற்று. காலை உணவுக்கும் மதிய உணவுக்கும் இடையில் ஒரு மென்பொருள் பொறியாளர் எழுந்திருக்காமல் இருக்கும் நேரமும் கிட்டத்தட்ட அதுவேதான்.

தசைநார்களின் கதை இன்னும் எளிமையானது. எலும்பையும் எலும்பையும் கட்டிப்போடும் இந்த நார்களை ஆஸ்பத்திரியில் லிகமென்ட் என்கிறார்கள், வீட்டில் ஜவ்வு என்கிறோம். முதுகெலும்பின் முன்னும் பின்னும் மேலிருந்து கீழாக ஓடும் இரண்டு நீண்ட நார்கள், முள்முனைகளை இணைப்பவை, முள்ளெலும்பு வளைவுகளுக்கு இடையில் ரப்பர்த்தன்மை மிகுந்த மஞ்சள் நார் என்று பல உண்டு. கயிற்றுக் கட்டிலில் ஒருவர் வெகுநேரம் படுத்திருந்தால் கயிறு தொய்ந்து, அவர் எழுந்த பின்னும் உடனே இறுகாமல் கிடக்கும். முன்னால் குனிந்த நிலையில் மாறாமல் இழுபட்டுக்கொண்டிருக்கும் தசைநாரும் அப்படித்தான். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் மெக்கில் 1992இல் ஆட்களை 20 நிமிடம் முழுக்கக் குனியவைத்துப் பார்த்தார். தசைநார்களின் தொய்வால் முதுகு முன்னைவிட மேலும் சில பாகைகள் வளைந்தது. எழுந்த 2 நிமிடங்களில் அதில் பாதி சரியாயிற்று. மீதி சரியாக அரை மணிக்கும் மேல் தேவைப்பட்டது. இங்கே எழ வேண்டிய கேள்வி குனிந்தது தவறா என்பதாக இருக்கக் கூடாது. அந்த 2 நிமிடம் கிடைக்கிறதா என்பதாக இருக்க வேண்டும்.

‘நிமிர்ந்து உட்கார்’ என்ற அறிவுரை எங்கிருந்து வந்தது? ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் ஆல்ஃப் நாக்கம்சன் 1960களில் உயிருள்ளவர்களின் டிஸ்க்கில் ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட உட்காருவதில் அழுத்தம் ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதல் என்றன அவருடைய அளவுகள். அந்த வரைபடம் பாடநூல்களுக்குள்ளும் நாற்காலி விளம்பரங்களுக்குள்ளும் நுழைந்து நிலைத்துவிட்டது. 1999இல் ஜெர்மனியின் ஊல்ம் நகரில் ஹான்ஸ் யோக்கிம் வில்கேயின் குழு நவீனக் கருவியால் மறுபடி அளந்தது. நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல், முதுகைச் சாய்க்காமல் தளர்வாக உட்கார்ந்தால் 0.46, நாற்காலியில் சரிந்து, வீட்டில் திட்டு வாங்கும் விதமாக உட்கார்ந்தால் அதில் ஏறக்குறைய பாதி. இது ஒரே ஒரு மனிதரின் ஒரே ஒரு டிஸ்க்கில் எடுத்த அளவு. இதை வைத்துக்கொண்டு எல்லாரும் சரிந்து உட்காருங்கள் என்று சொல்வதும் பேதைமை. ஆனாலும் உட்காரும் கோணத்தில்தான் நோயும் மருந்தும் இருக்கின்றன என்ற உறுதி அத்துடன் ஆட்டம்கண்டது. கோணத்தைப் பற்றிய பேச்சு மட்டும் ஓயவில்லை. காரணம் கண்ணுக்குத் தெரிவதுதான்: கோணத்தை ஊழியரிடமே திருத்தச் சொல்லலாம். நேரத்தை அப்படித் திருத்தச் சொல்ல முடியாது.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது பின்லாந்தின் இரட்டையரிடமிருந்து வருகிறது. மிஷெல் பாட்டியே, டாபியோ விடமன் ஆகியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் மற்றவரைவிட மிக அதிகமாகத் தொழில்முறையில் வண்டி ஓட்டிய ஒரேகரு இரட்டையர் 45 இணைகளின் முதுகை எம்.ஆர்.ஐ. எடுத்து ஒப்பிட்டார்கள். ஓட்டுநர்களின் டிஸ்க் அதிகம் சிதைந்திருக்கவில்லை. டிஸ்க் தேய்வதில் தொழிலைவிடப் பரம்பரைக்கே பெரிய பங்கு என்பது அவர்களுடைய நெடுங்கால ஆய்வின் முடிவு. இரண்டாவது, தேய்மானத்துக்கும் வலிக்குமே நேரான தொடர்பு இல்லை. வலியே இல்லாத 3,000 பேருக்கு மேற்பட்டவர்களின் படங்களைத் தொகுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், 20 வயதுக்காரர்களில் 37 சதவீதத்தினருக்கும் 80 வயதுக்காரர்களில் 96 சதவீதத்தினருக்கும் டிஸ்க் சிதைவு தென்பட்டது. மூன்றாவது, வேலையில் உட்காருவதுதான் முதுகுவலிக்குக் காரணம் என்று நிறுவப் போதிய சான்று இல்லை என்றே தொகுப்பாய்வுகள் சொல்கின்றன. இம்மூன்றையும் ஏற்கிறேன். ஐ.டி. வேலை முதுகெலும்பை அரித்துவிடுகிறது என்று அச்சுறுத்துபவர்கள் தீங்குதான் செய்கிறார்கள், எம்.ஆர்.ஐ. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு 28 வயதில் தன்னை நொறுங்கியவராக எண்ணிக்கொள்ளும் இளைஞருக்கு அந்த அச்சமே தனி நோய். ஆனால் இந்த ஆய்வுகள் தேடியது வாழ்நாள் முடிவில் திசுவில் எஞ்சும் சேதத்தை. நான் பேசுவது சாயங்காலம் 4 மணிக்குக் கழுத்தின் பின்புறம் இறுகி, பத்து அடி நடந்தால் இளகும் வலியை. அது எலும்பு முறிந்ததன் சேதி அல்ல, மாற்றம் கேட்கும் திசுவின் சேதி. தொகுப்பாய்வுகளுக்குள் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் மொத்தம் எத்தனை மணி நேரம் உட்காருகிறீர்கள் என்றே கேட்டன. நடுவில் எழாமல் எவ்வளவு நேரம் என்று கேட்டவை குறைவு. அப்படிக் கேட்டுச் சோதித்த ஒன்று பாங்காக்கின் சூலாலொங்கொர்ன் பல்கலைக்கழகத்திலிருந்து 2021இல் வந்தது. வலி வர வாய்ப்புள்ள அலுவலகப் பணியாளர்கள் 193 பேரை மூன்று குழுக்களாக்கி, ஒரு குழுவை இடையிடையே எழவைத்தார்கள். ஒரு குழுவை இருக்கையிலேயே அடிக்கடி உடலை மாற்றவைத்தார்கள். மூன்றாவது குழுவை இந்த மாற்றங்கள் இல்லாமல் விட்டார்கள். 6 மாதத்தில் மூன்றாவது குழுவில் 44 சதவீதத்தினருக்குப் புதிதாகக் கழுத்துவலி வந்தது. மற்ற இரண்டு குழுக்களிலும் அது 17 சதவீதம். கீழ்முதுகு வலியில் விகித அளவில் வேறுபாடு இன்னும் பெரிது: 33க்கு எதிராக 9உம் 7உம். இந்த மூன்று குழுக்களுக்கும் இடையிலான வேறுபாட்டைப் பரம்பரையால் விளக்க முடியாது.

காலையில் ஜிம்முக்குப் போனால் தீராதா என்பார்கள். தினமும் 60 முதல் 75 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்பவர்களுக்கு நெடுநேரம் உட்காருவதால் கூடும் மரண அபாயம் நீங்கிவிடுகிறது என்று 10 லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் தரவுகளைத் தொகுத்த 2016ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது உண்மை. அது இதயத்துக்கும் ஆயுளுக்கும் நல்ல செய்தி. காலை 6 மணிக்குச் செய்த பயிற்சியைப் பிற்பகல் 3 மணிக்கு எடுத்துச் செலவழிக்கத் தசைநாரில் சேமிப்பு வசதி கிடையாது. அத்துடன் அந்த 75 நிமிடம் எங்கிருந்து வரும்? 2010இல் எலெக்ட்ரானிக் சிட்டிக்குத் திறந்த மேம்பாலம் 10 கிலோமீட்டர் பயணத்தின் நேரத்தைச் சுருக்கியது. ஆனால் சில்க் போர்டு சந்திப்பில் கேபுக்குள் உட்கார்ந்திருக்கும் நேரத்தை அதனால் குறைக்க முடியவில்லை. 2025 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய மஞ்சள் வழித்தட மெட்ரோவை நான் மனமார வரவேற்பதற்கு இதுவும் காரணம்: நிலையத்துக்கு நடப்பதும், படி ஏறுவதும், பெட்டியில் நிற்பதும் உடம்புக்குக் கிடைத்த மாற்றங்கள்.

யாரும் யாரையும் நாற்காலியில் கட்டிப்போடவில்லையே, எழுந்து நடக்க வேண்டியதுதானே என்பது கடைசி மறுப்பு. அழைப்பு மையத்தில் வேலை செய்பவரிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம். அங்கே லாகின் நேரம் விநாடிக் கணக்கில் பதிவாகிறது. பிரேக்குக்கு என்று எண்ணி வைத்த நிமிடங்கள். மென்பொருள் அலுவலகத்தில் கணக்கு கொஞ்சம் மென்மையாக இருக்கிறது. சில நிமிடம் விசைப்பலகையைத் தொடாவிட்டால் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி மஞ்சளாகிறது, குழு முழுவதும் அதைப் பார்க்கிறது. யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டுவிடுவார்களோ என்ற எண்ணமே போதுமானது. 2024 ஜூலையில் ஐ.டி. துறையில் வேலை நாளை 14 மணி நேரம் வரை நீட்டிக்க இடம்தரும் திருத்தம் கர்நாடகத்தில் முன்வைக்கப்பட்டபோது ஐ.டி. ஊழியர் சங்கமான கிட்டு கடுமையாக எதிர்த்தது. தூக்கத்தையும் குடும்பத்தையும் பற்றிப் பேசப்பட்ட அளவுக்கு உடம்பின் மூட்டுகளைப் பற்றிப் பேசப்படவில்லை.

அதே வளாகத்தின் வாயிலுக்கு வந்தால் பிரச்சினை தலைகீழாக நிற்கிறது. காவலாளி 12 மணி நேர ஷிஃப்டில் வண்டிகளின் அடியில் கண்ணாடி நீட்டுகிறார், தடுப்புக் கம்பத்தை ஏற்றி இறக்குகிறார். உடல் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கிறார். ஆள் நடமாட்டம் குறைந்தால் கம்பத்தின் அடித்தூணில் இடுப்பை லேசாகச் சாய்க்கிறார். மேலாளரின் கார் திரும்புவதைக் கண்டதும் நிமிர்கிறார். குதிகால் எலும்பிலிருந்து விரல்களை நோக்கி விரியும் பாதத்தின் அடிநார் அந்த முழு நேரமும் இழுபட்டே இருக்கிறது. கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்தால்தான் மேலேறும் ரத்தம் காலிலேயே தேங்குகிறது. மாடியில் எழ முடியாதவர், வாயிலில் உட்கார முடியாதவர் ஆகிய இருவருக்கும் நேர்வது ஒன்றே. இந்தியச் சட்டம் இவர்களில் ஒருவரை மட்டும் கண்டுகொண்டது. நின்றே வேலை செய்ய வேண்டியவர்களுக்கு அமர வசதி தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு சொன்னது. அந்த உரிமை ஜவுளிக்கடைப் பெண்களுக்கு வந்துசேரக் கேரளத்தில் 2018 வரையும் தமிழ்நாட்டில் 2021 வரையும் ஆயிற்று. கேரளத்தில் அதைப் போராடி வாங்கியவர்கள் கோழிக்கோட்டுக் கடைப்பெண்கள். உட்கார்ந்தே இருக்க வேண்டியவர் எழுவதற்கான உரிமை எந்தப் பிரிவிலும் இல்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்திய தொழில்சார் நோய்ப் பட்டியலில் எலும்பு, தசை, மூட்டுக் கோளாறுகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. நம் தொழிற்சாலைச் சட்டத்தின் அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் அவை இருந்ததில்லை.

எழுவதற்கான அந்த உரிமை ஐரோப்பாவில் 1990இலேயே எழுதப்பட்டுவிட்டது. திரை முன் செய்யும் வேலை நாள் முழுவதும் அவ்வப்போது இடைவேளையாலோ வேறு வகை வேலையாலோ தடைபடும்படி முதலாளிதான் திட்டமிட வேண்டும் என்கிறது ஐரோப்பிய சமூகத்தின் திரைக் கருவி ஆணையின் 7ஆம் பிரிவு. எழுவது ஊழியரின் ஒழுக்கம் என்று அது விட்டுவிடவில்லை, நிறுவனத்தின் கடமை ஆக்கியது. எலெக்ட்ரானிக் சிட்டியில் எத்தனையோ மேசைகளில் நடப்பது ஐரோப்பிய வாடிக்கையாளர்களின் வேலை. மியூனிக்கில் இருப்பவரும் கோனப்பன அக்ரஹாராவில் இருப்பவரும் ஒரே டிக்கெட்டைத் திறந்து, ஒரே பிழையைத் திருத்துகிறார்கள். இருவருடைய நான்காம், ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையிலும் இருப்பது ஒரே விதமான டிஸ்க். அலுவலகங்களை ஆளும் கர்நாடகத்தின் 1961ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டத்தை வேலை நேரத்தை நீட்டுவதற்காகத் திறக்க முடியும் என்றால், திரை முன் இருப்பவர் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கும் நிமிடங்களையும் வாயிலில் நிற்பவர் அமரும் நிமிடங்களையும் சம்பளத்துக்குரிய வேலை நேரமாகவே கணக்கிட வேண்டும் என்று எழுதுவதற்காகவும் திறக்கலாம்.